பூனைக்கு ஏற்ற சாப்பாடு எது? பச்சை மீனா, கருவாடா, பாக்கெட் தீனியா?

ஆதிச்சநல்லூர்!

தாமிரபரணி ஆற்றின் தென்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூர் உலகப் புகழ் பெற்றது. பழங்காலத் தமிழர்கள் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பறம்பு இங்கே இருக்கிறது. 1876-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு டாக்டர் ஜாகோர் இதைத் தோண்டிப் பார்த்தார். அவருக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற ஆராய்ச்சியாளர் தோண்டினார். தாழிகளில் எலும்புகளோடு நெல் உமியும் சிறுதானிய உமியும் கிடைத்தன.

தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலி இருக்கும் இடத்துக்குப் பூனை வரும். மனிதனும் பூனையும் கூட்டாளிகள் ஆனது இப்படித்தான். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு, மனிதனைப் புதைத்த குழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டு இருந்தது. 2004-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளிவந்தது.

எலி பிடிக்க வந்த பூனை இப்போது வீட்டுச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. அதற்கு என்ன சாப்பாடு போடுவது என்பதுதான் கேள்வி!

தாகம் தெரியாத பிராணி

பூனையின் முன்னோர்கள் வறண்ட நாட்டில் வாழ்ந்தவை. அவை தண்ணீரைத் தேடிக் குடித்தது குறைவு. எலியின் உடம்பில் நூற்றுக்கு 70 பங்கு தண்ணீர். அதைத் தின்றாலே பாதித் தாகம் தீர்ந்துவிடும். அந்தக் குணம் இன்னும் மாறவில்லை. உடம்புக்குத் தண்ணீர் போதாவிட்டாலும், பூனை தானாகப் போய் அதிகம் குடிக்காது.

உலர் தீனியில் நூற்றுக்கு 10 பங்குதான் தண்ணீர். டப்பாவிலும் சிறு பையிலும் வரும் ஈர உணவில் 75 முதல் 80 பங்கு வரை தண்ணீர். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். அதில் மணல் போன்ற துகள்கள் சேரும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்! ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.

மீன் போட்டால் போதுமா?

தூத்துக்குடிக் கரையோரத்தில் பூனைக்கு மீனுக்குப் பஞ்சம் இல்லை. சாளைத் தலையும் நெத்திலியும் தினமும் கிடைக்கும். ஆனால் பச்சையாகப் போடுவது நல்லதல்ல. இந்த வகை மீன்கள் சிலவற்றில், "பி-1" என்ற வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. பச்சை மீனையே நாள்தோறும் தின்னும் பூனைக்கு நரம்புத் தளர்ச்சி வரலாம். நடை தள்ளாடும். வலிப்பும் வரும். மீனை வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும்.

சூரை போன்ற எண்ணெய் மிகுந்த மீனை மட்டுமே கொடுப்பதும் தவறு. பூனையின் உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரலாம்.

சோறு நிறைய, மீன் கொஞ்சம் என்று பிசைந்து போடும் வீடுகளும் உண்டு. பூனை மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. "டாரின்" என்ற சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும். இது மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. சோற்றில் இல்லை. டாரின் குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும் என்பது 1975-ம் ஆண்டில் தெரிந்தது. இருதயமும் பலவீனம் ஆகும் என்பதை 1987-ம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகள் பிழைத்துக்கொண்டன!

மீனை வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஆறவைத்துச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. உப்பு போடக் கூடாது. முள்ளை எடுத்துவிட வேண்டும்.

மிச்சம் இருக்கும் மீன் குழம்பு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

கருவாடு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் விலை ஏறிவிடும். அப்போது பூனைக்குக் கருவாட்டைப் போடத் தோன்றும். கருவாட்டில் தண்ணீரோ குறைவு, உப்போ அதிகம். பூனைக்கு இரண்டும் ஆகாது. அந்த நாட்களில் பாக்கெட் தீனி கைகொடுக்கும்.

இரண்டையும் சேர்ப்பது எப்படி?

உலர் தீனி விலை குறைவு. தட்டில் சில மணி நேரம் இருந்தாலும் கெடாது. ஆனால் சிறிதளவிலேயே சக்தி அதிகம். தட்டை நிரப்பி வைத்தால் பூனை கொழுத்துவிடும். ஈர உணவு தண்ணீரைக் கொடுக்கும். உடம்பு பெருக்காமலும் காக்கும். ஆனால் விலை அதிகம். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

இரண்டையும் கலந்து கொடுப்பது பல குடும்பங்களுக்குச் சௌகரியம். வீட்டோடு இருக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரி போதும். உலர் தீனி 25 முதல் 30 கிராம், ஈர உணவு 100 முதல் 120 கிராம் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்க வேண்டும். இரண்டையும் முழு அளவில் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு.

பாக்கெட்டில் "முழுமையான உணவு" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். "துணை உணவு" என்று இருந்தால் அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. வேகவைத்த மீன் கொடுக்கும் வீட்டிலும், முழுமையான உணவுதான் பெரும்பங்கு இருக்க வேண்டும். மீன் ஆசைக்குக் கொஞ்சம்!

புதிய உணவுக்குத் திடீரென்று மாற்றக் கூடாது. பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடுவது ஆபத்து. கொழுத்த பூனை இரண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரல் கெட்டுவிடும்.

பால் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றால் போகும்.

எந்தத் தீனி கொடுத்தாலும், பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அதைத் தினமும் மாற்ற வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. வீட்டுக் குழந்தைகளே இந்த வேலையைச் செய்யலாம்!