பத்திரிகை நிலையத்திற் பிறந்த ஜங்கோ

இணையத்தளம் ஒன்றை நாடுவோர் காண்பது அதன் முகப்பை மட்டுமே. எழுத்தும் படமும் நிறமும் அவர்தம் திரையிலே தோன்றுகின்றன. கேட்கப்பட்டது யாது, கேட்டவர் யாவர், அதனைக் காணும் உரிமை அவருக்கு உண்டோ, விடை எங்கே சேமிக்கப்பட்டுள்ளது என்பவற்றை ஆராய்ந்து பக்கத்தை ஆக்கி அனுப்பும் வேலையோ தொலைவிலுள்ள மற்றொரு கணினியிலே நிகழ்கின்றது. இப்பகுதியைப் பின்புலம் என்பர். பின்புல வேலைகளுட் பெரும்பாலானவை தளத்துக்குத் தளம் வேறுபடுவன அல்ல. நூலகத்தின் தளமாயினும் வணிகரின் தளமாயினும் கடவுச்சொல்லைச் சரிபார்த்தல் ஒரே தன்மையதே. இத்தகைய பொது வேலைகளை ஒருமுறை செவ்வையாக எழுதிவைத்து, வேண்டுந்தோறும் எடுத்தாளுதற்கு உதவும் நிரற்றொகுதியே சட்டகம் எனப்படும். இன்று உலகிற் பெரிதும் வழங்கும் சட்டகங்களுள் ஒன்று ஜங்கோ.

இது பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ பெரிய கணினி நிறுவனத்திலோ தோன்றியதன்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள லோரன்ஸ் என்னும் நகரில் வெளிவரும் 'லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட்' என்ற பத்திரிகையின் அலுவலகத்திலே தோன்றியது. அங்கே 2003 ஆம் ஆண்டில் ஏட்றியன் ஹொலொவாற்றியும், இங்கிலாந்திலிருந்து ஓராண்டுப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் சைமன் வில்லிசனும் பத்திரிகையின் இணையத்தளங்களைக் கவனித்து வந்தனர். பத்திராதிபர் காலையிற் கேட்டது மாலையில் வாசகர் முன் நிற்றல் வேண்டும். தேர்தல் முடிவு மறுவாரம் வருமெனின் அதனால் யாருக்கு என்ன பயன்? அந்நெருக்கடியிலே ஒரே வகையான நிரலை மீண்டும் மீண்டும் எழுதிச் சலித்த அவர்கள், பொதுவானவற்றைப் பிரித்தெடுத்து, பைதன் என்னும் நிரல்மொழியில் ஒழுங்குபடுத்தலாயினர். வில்லிசன் நாடு திரும்பியபின் ஜேக்கப் கப்லன்-மொஸ் அப்பணியிற் சேர்ந்தார். ஆகவே ஜங்கோ முன்கூட்டியே வரைபடம் தீட்டிக் கட்டப்பட்டதன்று. நடைமுறைத் தேவையிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. அதன் பரவலுக்குரிய காரணங்களைத் தேடுவோர் முதலில் இவ்வுண்மையையே மனங்கொள்ளல் வேண்டும்.

பத்திரிகையின் சாயல் அதன் அமைப்பிலும் உண்டு. 'கட்டுரை' என்பது தலைப்பு, எழுதியவர், வெளியான நாள், உள்ளடக்கம் ஆகியவற்றை உடையது என்று நிரலாளர் சில வரிகளில் விபரித்தாற் போதும். அவ்விபரிப்பை மாதிரி என்பர். அதனைக் கொண்டு தரவுத்தளத்தில் வேண்டிய அட்டவணைகளைச் சட்டகம் தானே அமைக்கின்றது. வருகின்ற ஒவ்வொரு வேண்டுகோளையும் அதன் முகவரி கொண்டு இனங்கண்டு, உரிய நிரற்பகுதியிடம் ஒப்படைக்கின்றது. அப்பகுதி தரவைப் பெற்று வார்ப்புரு ஒன்றிற் பொருத்திப் பக்கமாக்குகின்றது. இவை பிற சட்டகங்களிலும் உள்ளனவே. ஜங்கோவுக்கே புகழ் தேடித் தந்தது அதன் நிருவாகப் பகுதி. முற்கூறிய மாதிரியைக் கொண்டே, கட்டுரைகளைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் தேடவும் உதவும் படிவங்கள் யாவும் தாமாகவே ஆகிவிடுகின்றன. நிரல் அறியாத நிருபர் அன்றே அமர்ந்து செய்தியைப் பதியத் தொடங்கலாம். நிரலாளர் முகப்பைப் பின்னர் ஆறுதலாகச் செப்பஞ் செய்யலாம். பத்திரிகைத் தொழில் அறியாதார்க்கு இவ்வேலைப் பங்கீடு எளிதிற் றோன்றியிராது.

பாதுகாப்புப் பற்றியும் விரித்துரைத்தல் தகும். பெயர் எழுதவேண்டிய கட்டத்திலே தீயோன் ஒருவன் தரவுத்தளத்துக்குரிய கட்டளையை எழுதிவிடல் கூடும். கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அதனைப் பெயரென்று கொள்ளாது கட்டளையென்றே நிறைவேற்றி, பிறருடைய விபரங்களை அவன் கையிற் கொடுத்துவிடும். ஜங்கோவோ கட்டளையையும் பயனர் தந்த சொல்லையும் வேறுவேறாகவே தரவுத்தளத்துக்கு அனுப்புகின்றது. ஆதலின் வழக்கமான முறையில் எழுதும் நிரலாளருக்கு இத்தவறு நேர்வது அரிது. பயனர் எழுதியது பக்கத்திலே தோன்றும்போது அதிலுள்ள தீய நிரல் இயங்காதவாறும் அது காக்கின்றது. இக்காப்புகள் யாவும் முதல் நாளிலேயே அமைந்தன அல்ல. பின்னர்க் கூறிய காப்பு, 2008 செப்டெம்பரில் 1.0 ஆம் பதிப்பு வருவதற்குச் சிறிது முன்னரே இயல்பாக இயங்கும் நிலையை அடைந்தது. அறியாதவனும் தவறு செய்யாதவாறு வழியை அமைத்தல், தவறு செய்யாதே என அவனுக்கு அறிவுரை கூறுவதிலும் மேலானது என்னும் கொள்கை இதிற் புலப்படும்.

2005 யூலையிலே பத்திரிகை உரிமையாளரின் இசைவுடன் ஜங்கோ யாவருக்கும் வெளியிடப்பட்டது. எவரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கும் பொருளிலும் சேர்க்கலாம். உரிமைக் குறிப்பை மட்டும் அழித்தலாகாது என்பதே அதன் உரிமத்தின் சாரம். பெயரோ ஜங்கோ ரைன்ஹார்ட் என்ற கிற்றார்க் கலைஞருடையது. 1928 இல் நேர்ந்த தீவிபத்தால் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னரும் எஞ்சிய விரல்களாலே புதியதொரு வாசிப்பு முறையை வகுத்தவர் அவர். ஹொலொவாற்றி தாமும் கிற்றார் வாசிப்பவர். ஆங்கிலத்தில் இப்பெயரை எழுதுவோர் முதலில் ஒலியாத எழுத்தொன்றை இட்டு இடர்ப்படுவர். தமிழுக்கு அத்தொல்லை இல்லை.

பத்திரிகையாளரே முதலில் இதனை விரும்பி ஏற்றனர். 'வாஷிங்ரன் போஸ்ற்' தளத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் வாக்களிப்பைக் காட்டும் தரவுத்தொகுதி இதனால் ஆக்கப்பட்டது. அரசியல்வாதிகளின் கூற்றுக்களை உண்மை, பொய் என நிறுத்துப் பார்க்கும் 'பொலிற்றிபக்ற்' தளமும் இதிலே எழுந்ததே. அதற்கு 2009 இற் புலிற்சர் பரிசு கிடைத்தது. பின்னர் இன்ஸ்ரகிராம் வந்தது. 2012 ஏப்ரலில் அதனைப் பேஸ்புக் வாங்க முன்வந்தபோது அங்கே வேலை செய்தோர் பதின்மூவரே. பயனரோ ஏறத்தாழ மூன்று கோடி. இதற்கு ஜங்கோ ஒன்றே காரணம் எனல் மிகையாகும். எனினும் சிறு குழுவொன்று பெருந்தொகையினரைத் தாங்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. இரண்டு மூன்று பக்கங்களே உடைய தளத்துக்கு இது மிகையான சுமை. அத்தகையோர் பைதனிலேயே எழுதப்பட்ட பிளாஸ்க் போன்ற சிறு சட்டகத்தை நாடுவர். உடனுக்குடன் இருதிசையிலும் செய்தி பாயும் உரையாடல் அரங்குகளுக்கு இது முதலில் அமைக்கப்படவில்லை. 2019 இல் வந்த 3.0 ஆம் பதிப்பு முதலாகவே அத்திசையிற் படிப்படியாக முன்னேறி வருகின்றது.

தமிழர்க்கும் இதன் வரலாற்றில் ஓரிடம் கவனத்துக்குரியது. தொடக்ககால ஜங்கோ ஆங்கிலம் அல்லாத எழுத்துக்களைச் சீராகக் கையாளவில்லை. 2007 இலே யுனிக்கோட் முறைக்கு முழுவதையும் மாற்றிய பெரும்பணியை முன்னின்று செய்தவர் அவுஸ்திரேலியரான மல்கம் றெடினிக். இன்று ஜங்கோவுடன் வரும் மொழிகளின் வரிசையிலே தமிழும் இடம்பெறுகின்றது. அவர் 2013 இற் காலமானார். புதியவர்க்குப் பொறுமையுடன் வழிகாட்டுவோருக்கு அவர் பெயரால் ஆண்டுதோறும் பரிசளிக்கப்படுகின்றது.

இனி, இலவசமாகக் கிடைக்கும் இதனைப் பேணுவோர் யாவர் என்ற வினா எஞ்சுகின்றது. 2008 இல் இதற்கென இலாப நோக்கற்ற மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. இறுதித் தீர்ப்புக் கூறும் உரிமையுடன் இருந்த ஹொலொவாற்றியும் கப்லன்-மொஸ்ஸும் 2014 தொடக்கத்தில் அப்பொறுப்பிலிருந்து விலகினர். புதியன ஆக்க ஆர்வலர் பலர் முன்வருவர். பழையதைத் திருத்த, வந்த முறைப்பாடுகளைப் படித்துப் பிரிக்க, பிறர் எழுதியதைச் சோதிக்க வருவோர் சிலரே. ஆதலின் 2014 முதல் அச்சலிப்பான வேலைக்கென்றே மன்றம் சம்பளத்துக்கு ஆள் அமர்த்தியுள்ளது. அவர்தம் தொகை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்; சம்பளமோ நன்கொடையிலிருந்தே வருகின்றது. இதனாற் பெரும்பொருள் ஈட்டிய நிறுவனங்கள் யாவும் அந்நன்கொடைக்குக் கைநீட்டுவதில்லை.

புதிய பதிப்பு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு ஒருமுறை வெளியாகும். அவற்றுட் சிலவற்றுக்கு மட்டும் மூன்றாண்டு காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும். 2025 ஏப்ரலில் வந்த 5.2 ஆம் பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை தவணை உண்டு. தவணை கடந்த பதிப்பில் இயங்கும் தளத்திலே புதியதொரு துளை காணப்படின், அதனை அடைப்பதற்கு மன்றத்திலிருந்து திருத்தம் எதுவும் வராது. அத்தளமோ முன்போலவே இயங்கிக்கொண்டிருக்கும்; முகப்பை மட்டுங் காண்பவர்க்கு வேறுபாடு எதுவும் தோன்றாது.