திருவிழாவில் ஒரு முதலுதவிக் கொட்டில்

சல்லி முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்குச் சாம்பல்தீவுச் சனம் மட்டுமல்ல, திருகோணமலையின் பல பக்கத்துச் சனமும் வந்து சேரும். கடற்கரை மணல், வெயில், விரதம், இடுப்பில் பிள்ளை, கற்பூரப் புகை. நேர்த்திக்கடனோடு போகிற எங்களில் எத்தனை பேர், "அங்கே மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்?" என்று யோசித்திருக்கிறோம்?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது வேறொரு கோயிலில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வரிசையில் நின்றபடியே சரிந்துவிட்டார். உடனே எல்லோரும் சூழ்ந்து காற்றை மறித்தோம். ஒருவர் கையில் திறப்பைத் திணித்தார். ஓட்டோ கச்சான் கடைகளுக்கு நடுவே வரமுடியாமல் நின்றது. "அம்மா காலமை சீனிக் குளிசை போட்டவ, ஒண்டும் சாப்பிடேல்லை" என்று மகள் அழுதபோதுதான் விசயம் விளங்கியது. கண் திறந்து விழுங்கக்கூடியதாக இருந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் எழுந்து இருந்தார். நினைவே இல்லாதவராக இருந்திருந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கூட்டங்களில் நடப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிச் சிறியவைதான். மயக்கம், தலையிடி, கால் வெட்டு, பொங்கல் பானைச் சூடு. இவற்றை அந்த இடத்திலேயே பார்த்துவிட்டால் பெரியாஸ்பத்திரிக் கட்டில் உண்மையான ஆபத்தில் உள்ளவருக்கு மிஞ்சும். முதலுதவிக் கொட்டிலின் பெரிய பயன் அதுதான்.

ஆனால் சில விடயங்கள் நிமிடக் கணக்கில் உயிரைக் கொண்டுபோகும். 1992 பெப்ரவரியில் கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். 2025 செப்டெம்பரில் கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் பலர். மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். அப்படியல்ல, நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டியே பலர் சாகிறார்கள். ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்து பேருக்கு மேல் நெருங்கினாலே ஆபத்து தொடங்குகிறது. அதற்கு மருந்து கிடையாது, உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறொரு வழி என்று முன்னரே கயிறு கட்டுவதுதான் வைத்தியம்.

அடுத்தது வெயில். 2024 ஒக்டோபரில் சென்னை மெரினாவில் விமானக் காட்சி பார்க்கப் போனவர்களில் ஐவர் இறந்தனர். வியர்த்துக் களைத்தவரை நிழலில் கிடத்தி, ஜீவனி கரைத்துக் கொடுத்தால் தேறிவிடுவார். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அம்புலன்ஸ் வரும்வரை பார்த்திருக்காமல் உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அம்மன் கோயில்களில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. "உரு வந்திட்டுது" என்று நாங்கள் கும்பிட்டு நிற்போம். கும்பிடுங்கள், ஆனால் ஒருமுறை நெற்றியைத் தொட்டும் பாருங்கள்.

சகோதரிகளே, எங்களுக்கென்றே இன்னொன்றும் உண்டு. சாமி வெளியே வரும்போது வெடி கொளுத்துவார்கள். ஷெல் அடிக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவளுக்கு அது வெடி அல்ல. கடைத் தட்டிக்குக் கீழே குந்தி, காதைப் பொத்தி நடுங்குகிற பெண்களை நான் கண்டிருக்கிறேன். அவரைச் சுற்றி நின்று பார்க்காதீர்கள், பிடித்து இழுக்காதீர்கள். பெயர் சொல்லி, எங்கே இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லி, சத்தம் குறைந்த பக்கம் கூட்டிப்போங்கள். வெடிக்கு முன் ஒலிபெருக்கியில் அறிவித்தால் பாதிப் பயம் குறையும். இதைக் கேட்பதற்கு நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

கோயில் நிர்வாகம் செய்யக்கூடியது என்ன? திருவிழாவுக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் கொடுக்கலாம். குடிதண்ணீரையும் அன்னதானத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். செஞ்சிலுவைச் சங்கத்திடமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையிடமும் தொண்டர் கேட்கலாம். 1990 இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு. ஆனால் கடற்கரை மணலில் சில்லுப் புதையும். ஆகவே தார் வீதியில் எந்த இடத்துக்கு அம்புலன்ஸ் வருவது, அதுவரை நோயாளியைத் தூக்குவது யார் என்பதை முதல் நாளே நடந்து பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். அந்தப் பாதையில் ஒரு கடைகூடப் போட விடக்கூடாது.

கொட்டில் எல்லோருக்கும் தெரியக்கூடிய இடத்தில் இருக்கட்டும். பாய், தண்ணீர், ஜீவனி, சீனி, சுத்தமான துணி, சீனி பார்க்கும் கருவி வேண்டும். சுட்ட காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் போதும், பற்பசை பூசவேண்டாம். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், இரும்பும் வேண்டாம். ஒரு பக்கம் சேலையால் மறைத்துவிடுங்கள். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், செயற்கைக் காலோடு மணலில் நடந்து தோல் உரிந்தவர், எல்லோருக்கும் அந்த மறைப்புத் தேவை. உள்ளே பெண் தொண்டர் இல்லாவிட்டால் பல பெண்கள் வலியோடு வீட்டுக்கே போய்விடுவார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான்கு பேர் முதலுதவி பழகினால் இந்தக் குறை தீரும்.

ஒரு கொப்பியும் பேனையும் மறக்கவேண்டாம். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, என்ன வருத்தத்தோடு ஆள் வந்தது என்று எழுதி வைத்தால், அடுத்த வருடம் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று அந்தக் கொப்பியே சொல்லும்.