மகள் ரஷியாவில், அப்பா ஆரணி தறியில். நடுவே புகுந்த பொய் போன்!

ஆரணி,–

காலை 10 மணி. பட்டுத் தறியில் உட்கார்ந்து நாடாவை கையில் எடுத்தார் அப்பா. செல்போன் அலறியது. திரையில் போலீஸ் தொப்பி போட்ட ஒரு படம்.

இந்தியும் இங்கிலீசும் கலந்து ஒரு குரல் மிரட்டியது. அவருக்குப் புரிந்தது மூன்றே விஷயம். மகள் பெயர். போலீஸ். 2 லட்சம்.

அவர் மகள் படிப்பது டாக்டருக்கு. படிக்கிற இடம் ரஷியாவில் கசான் நகரம். ஆரணியில் இருந்து 5 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல்!

அந்த அப்பா வேறு யாரும் அல்ல. உங்கள் நிருபரின் சித்தப்பா. போலீஸ் நிலைய படிக்கட்டில் நின்று ஊரார் கதையை எழுதிப் பழகிய கை, சொந்த வீட்டுக் கதையை எழுத கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனால் வெளிநாட்டில் பிள்ளை படிக்கிற வீடு இன்று தெருவுக்கு ஒன்று இருக்கிறது. கடைக்காரர் வீட்டிலும் இருக்கிறது. கிளார்க் வீட்டிலும் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு நாள் மவுனம்

நடந்தது 2025 ஆகஸ்டு மாதம். லீவுக்கு ஊருக்கு வந்தால் விமான டிக்கெட் பணம் போய்விடுமே என்று தங்கச்சி அங்கேயே தங்கி விட்டாள். தினம் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்து பேசுவார்கள். தம்பிடி செலவு கிடையாது.

திடீரென்று ஒரு நாள் பேச்சு நின்றது. மணி அடிக்கிறது. எடுத்தால் சத்தம் இல்லை. மறுநாளும் அதே கதை.

சித்தப்பா பயந்து போனார். அங்கே நடந்தது இதுதான். அந்த மாதம் 13-ந் தேதி ரஷிய அரசு வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலும் குரல் பேச்சுக்கு முட்டுக்கட்டை போட்டது. மோசடிக்காரர்களை ஒடுக்க என்று காரணம் சொன்னது. அதன் பிறகு கெடுபிடி கூடியதே தவிர குறையவில்லை.

தங்கச்சி சும்மா இருக்கவில்லை. "இங்க கால் போகல, பயப்படாதீங்க" என்று செய்தி அனுப்பி இருக்கிறாள். ஆனால் எப்படி? தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி! சித்தப்பா படித்தது எட்டாவது. தமிழில் பேப்பர் படிப்பார். இங்கிலீஷ் எழுத்து பஸ் போர்டு அளவுக்குத்தான். செய்தி வந்தது தெரியும். என்ன செய்தி என்று தெரியாது. யாரையாவது கேட்கலாம் என்றால் கவுரவம் தடுத்தது.

இப்படி இரண்டு நாள் கலங்கிக் கிடந்த வீட்டுக்குத்தான் அந்த போலி போலீஸ் போன் வந்தது.

"டாடி, டாடி!"

அடுத்த செமஸ்டருக்கு கட்ட கடன் வாங்கி வைத்திருந்த 1 லட்சத்து 80 ஆயிரம் பேங்கில் இருந்தது. அதை அனுப்ப பக்கத்து வீட்டுப் பையனை கூப்பிட்டே விட்டார் சித்தப்பா. அவன் செல்போனை வாங்கி விரலை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

மிரட்டியவன் அப்போது ஒரு வேலை செய்தான். "மகளிடமே பேசு" என்றான். ஒரு பெண் குரல் தேம்பியது.

"டாடி... டாடி... ஹெல்ப்!"

திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்த சித்தி ராட்டையை நிறுத்தினார்.

"எம்பொண்ணு எப்பய்யா உன்னை டாடின்னு கூப்ட்டா? பொறந்ததுல இருந்து நைனாதானே? யாரோ இன்னாவோ நாடகம் ஆடுறான். போனை வைய்யா!"

வைத்தார். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. எட்டு தடவை அடித்து ஓய்ந்தது.

"நைனா" என்ற ஒரு சொல் 1 லட்சத்து 80 ஆயிரத்தை காப்பாற்றியது!

எனக்கு தகவல் வந்ததும் எண்ணைப் பார்த்தேன். +92 என்று ஆரம்பித்தது. அது பாகிஸ்தான் குறியீடு. இந்த மாதிரி எண்ணில் இருந்து அதிகாரி வேஷத்தில் வாட்ஸ்அப் கால் வருகிறது, ஜாக்கிரதை என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024 மார்ச் மாதமே எச்சரித்து இருக்கிறது. எச்சரிக்கை டெல்லியில் இருந்தது. சித்தப்பா தறிக்குழியில் இருந்தார்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்களா? அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் 2023 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். படிக்கப் போன 17 வயது சீன மாணவனை போனிலேயே மிரட்டி, பனிக்காட்டில் கூடாரம் போட்டு தனியாக உட்கார வைத்து விட்டார்கள். சீனாவில் இருந்த பெற்றோருக்கு "பையனை கடத்தி விட்டோம்" என்று படம் போனது. சுமார் 80 ஆயிரம் டாலர் அனுப்பி விட்டார்கள். போலீசார் தேடிப் பிடித்தபோது பையன் குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்தான். அவனைச் சுற்றி ஒரு கடத்தல்காரனும் இல்லை!

காசு அல்ல, ஏற்பாடு

அந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தில் வரிசை. கண்ணாடிக் கதவுக்குள் சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடும். வெளிநாட்டுக்கு பேசினால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். பாதி விஷயம் தொண்டையில் நிற்கும். மற்றபடி நீல நிற விமானக் கடிதம்தான். இன்டர்நெட் மூலம் டெலிபோன் பேச நம் நாட்டில் அனுமதி வந்ததே 2002 ஏப்ரல் 1-ந் தேதிதான். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்து பேசும் வசதி 2016 நவம்பரில் வந்தது. இன்று மாத ரீசார்ஜுக்குள்ளேயே உலகம் அடக்கம்.

ஆக, செலவு பிரச்சினை கிட்டத்தட்ட ஒழிந்து விட்டது. ஒரே ஒரு வழியை நம்பி இருப்பதுதான் இப்போது ஆபத்து. அந்த வழி நின்றால் வீடே நின்று போகிறது.

தங்கச்சியோடு பேசி சித்தப்பா வீட்டில் நான் செய்து வைத்த ஏற்பாட்டை சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலில் எழுத்தை நிறுத்தினோம். இனி தங்கச்சி தட்ட மாட்டாள். வாயால் பேசி குரல் பதிவாக அனுப்புவாள். செல்போனில் மைக் படத்தை அழுத்திப் பிடித்து பேசினால் போதும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். நெட் விட்டு விட்டு வந்தாலும் மெதுவாக போய்ச் சேரும். வீடியோ தின்கிற டேட்டாவில் இது பக்கத்தில் கூட வராது. சித்தி இப்போது குரல் பதிவில் புலி! ஒரு பதிவு 7 நிமிடம். தெருவில் யார் வீட்டு வளைகாப்பு என்பது வரை கசானுக்கு போகிறது.

இரண்டாவது, சாதாரண டெலிபோன் கால். நம் ஊர் செல்போனுக்கு வெளிநாட்டில் இருந்து வரும் காலை எடுக்க நமக்கு செலவு கிடையாது. கூப்பிடுகிறவருக்குத்தான் கட்டணம். நம் பக்கத்தில் இருந்து ஐ.எஸ்.டி. போட்டால், பேக் இல்லாத நேரத்தில் ரீசார்ஜ் பணம் நிமிடத்தில் கரைந்து விடும். ஆகவே அந்த நாட்டு சிம்மில் கொஞ்சம் பணம் எப்போதும் இருக்க வேண்டும். அவசரம் என்றால் அவள் கூப்பிடுவாள். இரண்டு நிமிடம். "நல்லா கீறேன் நைனா." அவ்வளவுதான். கொஞ்சம் செலவு ஆனால் ஆகட்டும்.

தெரியாத வெளிநாட்டு எண்ணில் இருந்து ஒரே மணி அடித்து கட் ஆனால் திரும்பக் கூப்பிடாதீர்கள். அதிக கட்டணம் பிடுங்குகிற எண்ணாக இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆஸ்டலில் உடன் இருக்கும் இரண்டு பெண்களின் எண்கள், அவர்கள் வீட்டாரின் எண்கள். ஒரு பெண்ணின் அப்பா நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறார். அவரும் சித்தப்பாவும் இதுவரை பார்த்தது இல்லை. ஆனால் வாரம் ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளை பேசினால் மூன்று வீட்டுக்கும் சேதி வந்து விடும்.

இதை எல்லாம் நோட்டில் எழுதி தறி மேல் சுவரில் ஒட்டியாகி விட்டது. செல்போனிலேயே வைத்தால் செல்போன் தொலைந்த அன்று என்ன செய்வது?

நாட்டுக்கு நாடு வேறு

ரஷியா மட்டும் அல்ல. சீனாவில் வாட்ஸ்அப் ஓடாது. அங்கே எல்லாரும் வைத்திருப்பது வீசாட். அதை 2020 ஜூன் 29-ந் தேதி நம் அரசு தடை செய்து விட்டது. அங்கே இதற்கு தடை, இங்கே அதற்கு தடை! துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும், கால் போகாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் உண்டு. ஆகவே பிள்ளையை விமானம் ஏற்றும் முன்பே அந்த நாட்டில் எது ஓடும் என்று அங்கே ஏற்கனவே படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே போனதும் முதல் வாரம் ஒத்திகை பாருங்கள்.

கடிகாரமும் காலை வாரும். கசானுக்கும் நமக்கும் இரண்டரை மணி வித்தியாசம், வருஷம் முழுக்க ஒன்றுதான். பிலிப்பைன்சு நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. லண்டன் அப்படி அல்ல. குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. நியூயார்க்கும் இப்படி மாறும். மாறுகிற நாளில் "சொன்ன நேரத்துக்கு பிள்ளை பேசவில்லையே" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

யுத்தம் வந்தபோது

2022 பிப்ரவரி 24-ந் தேதி உக்ரைனில் குண்டு விழுந்தது. தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் சுமார் 5 ஆயிரம் பேர் அங்கே இருந்தனர். நாடு முழுவதும் சேர்த்து சுமார் 22 ஆயிரத்து 500 பேர் திரும்பி வந்தார்கள். சுரங்க ரெயில் நிலையத்தில் பதுங்கிய பிள்ளைகளுக்கு சார்ஜ்தான் உயிர். அந்த நேரத்தில் முகம் பார்க்க ஆசைப்படக் கூடாது. "சேப்" என்று ஒரு வார்த்தை போதும்.

இங்கே யாரை கேட்பது என்று தெரியாமல் கலெக்டர் ஆபீசுக்கு ஓடியவர்கள் உண்டு. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெயரைப் பதியவும், புகார் சொல்லவும் வெளியுறவு அமைச்சகம் 2015-ல் "மதத்" என்ற இணையதளத்தை தொடங்கியது. தங்கச்சி பெயரை இப்போதுதான் பதிந்தோம். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணும் சுவர் நோட்டில் ஏறி இருக்கிறது. நிஜமாகவே பிள்ளை கைது என்றால் அங்கே கேட்டால் தெரிந்து விடும். போலீசார் செல்போனில் கைது செய்வதும் இல்லை, விடுதலைக்கு பணம் கேட்பதும் இல்லை. "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது.

ஏமாந்து பணம் போய் விட்டதா? அழுதுகொண்டு உட்காராமல் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பேங்க் கணக்கில் பணம் நிற்கும்போதே பிடிக்க வாய்ப்பு உண்டு. சித்தப்பாவுக்கு பணம் போகவில்லை. அதனால் அந்த எண்ணை மட்டும் தொலைத்தொடர்புத் துறையின் "சக்ஷு" பகுதியில் புகாராகப் பதிந்தேன்.

இன்னொன்றும் செய்தோம். வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல். யார் அழுதாலும், எந்தக் குரலில் அழுதாலும், அந்த சொல்லைக் கேட்காமல் பணம் கிடையாது. இப்போது மிஷினே ஆள் குரலில் பேசுகிறதாம். "நைனா" பேப்பரில் வந்து விட்டதால் அது இனி உதவாது. புது சொல் என்ன என்று எனக்கும் சொல்ல மாட்டேன் என்று சித்தி கறாராக சொல்லி விட்டார்.

போன வாரம் ஆரணிக்கு போயிருந்தேன். இரவு 9 மணி. கசானில் மாலை ஆறரை. சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. சாதாரண கால்தான். பேச்சு மொத்தம் 6 நிமிடம். அதில் 4 நிமிடம், ரசத்துக்கு புளி எவ்வளவு கரைப்பது என்று சித்தி சொல்லிக்கொண்டு இருந்தார். சித்தப்பாவுக்கு கிடைத்தது அரை நிமிடம்.

"சாப்ட்டியாம்மா?" என்றார். போனை துடைத்து ஆணியில் மாட்டினார். தறிக்கு போய் விட்டார்.