தோற்றவர்களின் கதைக்குப் பளிச்சென்ற வண்ணங்கள்

போரை இவ்வளவு பளிச்சென்ற நிறங்களில் வரையலாமா? யப்பானிய ஓவியர் தகேதா ஹிதேயோவின் 'கெம்பெய்' அச்சோவியங்களைப் பார்த்தபோது முதலில் எனக்குள் எழுந்த கேள்வி இதுதான்.

கெம்பெய் என்பது 1180 முதல் 1185 வரை தைரா, மினமோத்தோ ஆகிய இரு குலங்களுக்கிடையே நடந்த போர். தைரா குலம் அழிந்தது. தான்-நோ-உரா கடற்சமரில் தோல்வி உறுதியானதும், ஆறு வயதேயான பேரரசர் அந்தொக்குவை அணைத்தபடி அவருடைய பாட்டி கடலில் பாய்ந்தார். இதைச் சொல்லும் பழைய காவியம் 'ஹெய்கே மோனோகதாரி'. வென்றவர்களின் புகழைவிட, வீழ்ந்தவர்களின் துயரமே அதில் ஓங்கி ஒலிக்கிறது. பார்வையற்ற பாடகர்கள் 'பீவா' என்ற நரம்புக் கருவியை மீட்டியபடி ஊரூராக அதைப் பாடினார்கள். அப்படிப் பாடுவது இறந்தவர்களின் ஆவியை ஆற்றும் என்பது அக்கால நம்பிக்கை. ககுஇச்சி என்ற பாடகர் சொல்ல, 1371 இல் எழுதப்பட்ட வடிவமே இன்று பரவலாக வாசிக்கப்படுகிறது.

தகேதா 1948 இல் ஒசாகாவில் பிறந்தவர், கேலிச்சித்திரக்காரர். 1980களில் அவர் இக்கதையைக் கையிலெடுத்தார். அவருடைய வீரர்களின் உடலில் பச்சை குத்தப்பட்டிருக்கும். கோடுகளில் கேலிச்சித்திரத்தின் மிகை இருக்கும். 1993 இல் பிரித்தானிய அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது.

அவர் கையாண்டது ஸ்கிரீன் பிரிண்ட் முறை. எங்கள் ஊர்களில் திருமண அழைப்பிதழும் பனரும் அடித்த அதே முறைதான். சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, மை இறங்கக்கூடாத இடங்களை அடைத்துவிடுவார்கள். பின்னர் ரப்பர் பட்டையால் மையை இழுத்தால், திறந்த இடங்களில் மட்டும் அது தாளில் இறங்கும். நிறத்துக்கு ஒரு திரை வேண்டும். ஒவ்வொன்றும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். மை தடிப்பாகப் படிவதால் நிழலற்ற, அடர்ந்த நிறம் கிடைக்கிறது. 1962 இல் அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோலை ஈர்த்ததும் இந்தத் தன்மையே.

அந்த நிறங்கள் துயரத்தை மறைக்கின்றனவா? இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். அழிந்த குலத்தின் கதையை முதலில் பாடகர்கள் காப்பாற்றினார்கள்; பின்னர் ஏட்டில் எழுதியவர்கள்; எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒரு கேலிச்சித்திரக்காரர். எங்களுக்கு அந்தத் தூரம் இன்னும் வரவில்லை. சிரிப்போடு வரைய எங்களில் யாராலும் இப்போது முடியாது. ஆனால் பாடுவதற்கும் எழுதிவைப்பதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. யப்பானில் அவை முதலில் நடந்திராவிட்டால், தகேதாவுக்கு வரைய ஒன்றும் இருந்திராது.