பூகோளம் சோறு போடுமா?

சில குழந்தைகளுக்குப் பூகோளப் பாடம் என்றால் உயிர். சுவரில் தொங்கும் தேசப்படத்தின் முன் நின்றுவிட்டால், மணி அடிப்பதுகூடக் காதில் விழாது. லண்டன் எங்கே, பாரிஸ் எங்கே என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். "நான் அங்கே போய்ப் படிப்பேன்" என்று வீட்டில் வந்து சொல்லுவார்கள்.

வீட்டில் என்ன பதில் கிடைக்கும்?

"கணக்கைப் படி, கண்ணு. பூகோளம் சோறு போடுமா?"

சேலம் மாவட்டத்தில் ஜலகண்டாபுரம் போன்ற நெசவு ஊர்களில் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்று வாழ்ந்த குடும்பங்கள் அவை. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பூகோளம் படிக்கச் சீமைக்குப் போன ஒருவர் ஒரு மாநிலத்துக்கே பெயர் வைத்த கதையை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

தண்ணீருக்குள் ஊர்

அந்தக் கதைக்கு முன்னால் ஒரு விஷயம். பூகோளம் என்பது தூர தேசத்துச் சங்கதி மட்டும் அல்ல. ஜலகண்டாபுரத்தில் பஸ் ஏறினால் மேட்டூர் வந்துவிடும். அங்கே அணை கட்டும் வேலை 1925-ல் தொடங்கி, 1934-ல் முடிந்தது. சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையே காவிரியை மறித்தார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவிலே ஆறு. அணைக்கு ஏற்ற இடம்!

தேங்கிய நீரில் பல கிராமங்கள் மூழ்கின. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினார்கள். அணையில் நீர் வற்றும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் போனால், பழைய மாதா கோவிலின் கோபுரம் தலை காட்டும். நீர் இன்னும் இறங்கினால், ஜலகண்டேசுவரர் கோவில் நந்தியும் தெரியும். ஒரு காலத்தில் மணி அடித்து, பூஜை நடந்த இடங்கள்! பழைய படத்தில் ஊர் இருந்த இடம், புதிய படத்தில் நீல நிறம். தேசப்படம் மாறும்போது எத்தனை குடும்பங்களின் வாழ்வு மாறுகிறது என்பதை மேட்டூர்ப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

கல்கத்தாக்காரர்

இனி அந்தக் கதை. சிவப்பிரசாத் சட்டர்ஜி 1903-ல் பிறந்தவர். காசி இந்து சர்வகலாசாலையில் மண்ணியல் படித்தார். ரங்கூனில் ஆசிரியராக வேலை பார்த்தார். அந்த நாளில் இந்தியாவில் பூகோளத்தில் உயர்ந்த படிப்பு அபூர்வம். ஆகவே கடல் கடந்தார். லண்டனில் படித்தார், பாரிசிலும் படித்தார்.

பாரிசில் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது ஐரோப்பாவை அல்ல. நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள காரோ, காசி, ஜெயந்தியா மலைகளை! வங்கக் கடலிலிருந்து வரும் மழை மேகங்கள் அந்த மலைகளில் மோதி மேலே ஏறுகின்றன. ஏறும்போது குளிர்ந்து, கொட்டித் தீர்க்கின்றன. சேலம் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மலையில் உள்ள மவ்சின்ராமில் சராசரி 11,000 மில்லிமீட்டருக்கும் மேல்!

மேகங்கள் குடியிருக்கும் அந்த மலைக்கு, 'மேகாலயா' என்று தம் ஆராய்ச்சியில் பெயரிட்டார் சட்டர்ஜி. அது 1936-ம் ஆண்டு. பாரிசில் ஒரு மாணவர் எழுதிய பெயர். யார் கவனித்தார்கள்?

முப்பத்தாறு ஆண்டுகள் ஓடின. 1972 ஜனவரி 21-ந் தேதி, அஸ்ஸாமிலிருந்து பிரிந்த அந்த மலை நாடு முழு மாநிலம் ஆனது. அதன் பெயர் மேகாலயா! அதைக் காண சட்டர்ஜி உயிரோடு இருந்தார். 1989-ல்தான் காலமானார்.

படம் வரைந்த பிழைப்பு

தாயகம் திரும்பியவர் கல்கத்தா சர்வகலாசாலையில் பூகோளம் கற்பித்தார். 1956-ல் தேசிய தேசப்பட நிறுவனம் அவர் தலைமையில் ஏற்பட்டது. மறு ஆண்டே இந்தியாவின் தேசப்படத் தொகுதி இந்தியில் வெளிவந்தது. மழை எங்கே, என்ன மண், என்ன பயிர், எத்தனை ஜனம் என்று காட்டும் படங்கள் அவை. கால்வாய் வெட்டவும், சாலை போடவும் இவை இல்லாமல் முடியுமா? 1964 முதல் 1968 வரை உலகப் பூகோளச் சங்கத்துக்கு அவரே தலைவர். 1985-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. பூகோளம் அவருக்குச் சோறும் போட்டது, பேரும் கொடுத்தது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிய படிப்பு அல்ல. ரேனியஸ் பாதிரியார் 'பூமி சாஸ்திரம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை 1832-லேயே வெளியிட்டார். 1926-ல் சென்னையில் பூகோளச் சங்கம் தொடங்கியது. இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது. செயற்கைக் கோள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, ஏரி எவ்வளவு சுருங்கியது, வெள்ளம் எந்தத் தெருவில் ஏறும் என்று இப்போது கணக்குப் போடுகிறார்கள்.

கடல் கடந்து படிக்கப் பணம்? தாழ்த்தப்பட்ட வகுப்பினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் உண்டு. பட்டப் படிப்பில் நல்ல மார்க்கு வேண்டும். குடும்ப வருமானத்துக்கு வரம்பும் உண்டு. அந்தந்த ஆண்டின் விதிகளைப் பார்த்து மனுப் போட வேண்டும்.