பவழத்துக்கும் நோய் வரும்!

பவழம் என்றதும் நம் பெண்மணிகளுக்குக் கழுத்தில் அணியும் சிவப்பு மாலைதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப் போவது அதன் ஒன்றுவிட்ட சகோதரியைப் பற்றி. கடலடியில் பாறை பாறையாக வளர்கிறதே, சிலர் கண்ணாடித் தொட்டியில் மீன்களோடு வைத்துப் பார்க்கிறார்களே, அந்தக் கல் பவழம்!

அது கல்லும் அல்ல, செடியும் அல்ல. பிராணி என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு ஜீவன்கள் ஒட்டி வாழும் கூட்டுக் குடும்பம் அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தமக்கு அடியில் எலும்பு போல வீடு கட்டிக் கொள்கின்றன. எலும்பின் மேல் மெல்லிய சதை. அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவில் பெரும் பங்கு பவழத்துக்கு வாடகையாகப் போய்ச் சேருகிறது.

வெள்ளையில் இரண்டு வகை

பவழம் வெள்ளையாகிவிட்டால் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உஷ்ணம் தாங்காமல் பாசிகள் குடி பெயர்ந்தால் சதை கண்ணாடி போலாகி, அடியிலுள்ள எலும்பின் வெண்மை தெரியும். இது வெளுப்பு. சதை இன்னும் இருப்பதால், நல்ல காலம் திரும்பினால் பவழம் பிழைத்துக் கொள்ளும்.

சதையே உரிந்து போவது வேறு நோய். அங்கே மிஞ்சுவது வெறும் எலும்பு. சில நாட்களில் அதன் மேல் பாசி படர்ந்துவிடும். சில சமயம் அடியிலிருந்து வாரக் கணக்கில் மெள்ள ஏறும். சில சமயம் இரவு நன்றாக இருந்த கிளை காலையில் எலும்பாக நிற்கும்!

கிருமிகள், நுண்ணுயிர்கள், சதையைத் தின்னும் சிறு பூச்சிகள் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் தொட்டியில் பெரும்பாலும் வழி திறந்து விடுவது திடீர் மாறுதல்தான். பரந்த கடலில் உஷ்ணமும் உப்பும் மெதுவாகவே மாறும். தொட்டியிலோ ஒரே நாளில் எல்லாம் தலைகீழாகும்.

புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு வீட்டுக் கூடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். கத்திரி வெயில், மின்சாரம் நின்றுவிட்டது. 26 டிகிரியில் இருக்க வேண்டிய தொட்டி நீர் மளமளவென்று சூடேறும். தண்ணீரை ஓட விடும் மோட்டாரும் நின்றுவிடுவதால் பிராணவாயு குறையும். தண்ணீர் ஆவியாகப் போனால், குழம்பு சுண்டினால் கரிப்பது போல் உப்பும் ஏறும். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு நிற்பதே நல்லது.

வருமுன் காப்பது எப்படி?

சிங்கப்பூரிலோ துபாயிலோ உங்கள் தம்பி இப்படி ஒரு தொட்டி வைத்திருந்தால் இதை எழுதி அனுப்புங்கள். குறைந்த தண்ணீரை ஈடு செய்யச் சுத்தமான நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் கூடாது. உஷ்ணம், உப்பு, சுண்ணாம்புச் சத்து, காரத்தன்மை இவற்றை அடிக்கடி சோதித்து ஒரே நிலையில் வைக்க வேண்டும். விளக்கின் வெளிச்சத்தைத் திடீரென்று கூட்டக் கூடாது. புதிதாக வந்த பவழத்தை, அம்மை கண்ட குழந்தையைப் போல், சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். சதை உரிவது தெரிந்தால், நல்ல சதை உள்ள பக்கமாகச் சற்றுத் தள்ளியே கிளையை வெட்டிப் பிரித்து வைத்தால் அந்தத் துண்டு பிழைக்கக் கூடும்.

இந்த நோய் தொட்டியோடு நிற்பதல்ல. அமெரிக்காவில் புளோரிடா கடலில் 2014-ல் கண்ட சதை உரியும் நோய் இருபதுக்கு மேற்பட்ட பவழ இனங்களைத் தாக்கியது. முக்குளிப்பவர்கள் கடலுக்குள் இறங்கி, பவழத்தின் புண்ணில் அமாக்ஸிசிலின் மருந்தைக் குழைத்துப் பூசினார்கள். நோய் தொடாத பவழங்களைக் காட்சிசாலைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

நம் மன்னார் வளைகுடாவையும் உஷ்ணம் விடவில்லை. 2016 கோடையில் அங்கே பவழங்கள் வெளுத்தன. பல மீளவே இல்லை. கடலடிப் பரப்பில் சுமார் 39 சதவிகிதம் இருந்த உயிருள்ள பவழம் 23 சதவிகிதமாகக் குறைந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பவழத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள்.

நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல் கல் பவழங்களும் புலியைப் போல முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கடற்கரைக் கடையில் அழகான வெள்ளைப் பவழத் துண்டைக் கண்டு குழந்தைகள் கேட்டால், வாங்கித் தராதீர்கள். அது சதை போன எலும்பு என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்து கொள்வார்கள்.