பழைய அம்பாசிடருக்கு வேறு எஞ்சின்: எங்கே இடிக்கிறது?

நம் சங்க உறுப்பினர்கள் சிலருடைய குடோனில் இன்றும் ஒரு பழைய அம்பாசிடர் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. பனியன் பண்டல் ஏற்றி இரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடிய வண்டி, விற்க மனம் வராது. உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு உற்பத்தியும் நின்றுவிட்டது. எஞ்சின் தேய்ந்தால் "வேறு எஞ்சின் மாற்றிவிடலாம்" என்பார் மெக்கானிக். 2001-இல் அதைச் செய்து பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்களுடையது என் தகப்பனார் வாங்கிய 1974 மாடல் மார்க் 2. மோரிஸ் காலத்து 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு, 1992 முதல் அம்பாசிடரில் வந்த 1817 சி.சி. இசுசு எஞ்சினை, விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து வாங்கினேன். கம்பெனியும் ஒன்று, பானெட்டும் ஒன்று, அப்படியே உட்கார்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். 28 கேஜ் சிலிண்டரில் 24 கேஜ் ஊசியைச் செருகப் பார்த்த கதைதான்.

முதல் தகராறு மரையில். பழைய வண்டி இஞ்ச் அளவு, இசுசு மில்லிமீட்டர் அளவு. 5/16 இஞ்ச் போல்ட்டின் கனம் 7.94 மி.மீ., அதனால் 8 மி.மீ. போல்ட்டும் கண்ணுக்கு அதே போலத்தான் தெரியும். இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பையன் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் நட்டின் மரை போய்விடும். கையால் கடைசி வரை ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்றவிடாதீர்கள்.

அடுத்தது கியர் பாக்ஸ். பழையது ஸ்டியரிங் அருகே கியர் போடும் நாலு கியர் வண்டி. இசுசுவோடு வந்தது தரையில் கியர் போடும் ஐந்து கியர். எஞ்சினை மட்டும் வாங்கினால் பெல் ஹவுசிங் துளை, கிளட்ச் பிளேட்டின் பல் எதுவும் சேராது. கியர் பாக்ஸையும் சேர்த்து வாங்கினால் தரையை வெட்ட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை லேத்தில் சரிசெய்து பாலன்ஸ் பார்க்க வேண்டும். ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும்.

என்னைக் கவிழ்த்தது இவை எதுவுமல்ல, ஒரு சின்ன டெம்பரேச்சர் சென்சார். சென்சாரும் மீட்டரும் ஜோடிப் பொருள். டாஷ்போர்டில் பழைய மீட்டர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பெருமாநல்லூர் தாண்டும்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் நடுவில் நிம்மதியாக நின்றது. பழைய எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் சூட்டைப் பொறுக்கும். இசுசு ஹெட் அலுமினியம், வளைந்துவிட்டது. எஞ்சினுக்குக் கொடுத்ததில் பாதிப் பணம் அந்த ஹெட்டுக்கே மறுபடி போனது. ரேடியேட்டரும் பழையதே போதும் என்று இருந்ததுதான் கொதித்ததற்குக் காரணம்.

ஆகவே வாங்கும்போது ஒரே வண்டியிலிருந்து எஞ்சின், கியர் பாக்ஸ், மவுண்டிங், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், ஹோஸ், மீட்டர், சென்சார், வயரிங் என்று மொத்தமாக வாங்குங்கள். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பிறகு தனித்தனியாகத் தேடினால் கிடைக்கும், ஆனால் சில்லறை விலைதான். மொத்த வியாபாரி நானே இதை மறந்தேன்!

காகித வேலையையும் விடாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணையும் சி.சி.யையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இல்லையேல் விபத்து நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம்.

இன்னொன்று அப்போது யாருக்கும் தெரியாது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வயது கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற பழம்பெரும் வாகன எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த எண் இருந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம் என்பதால், தினமும் ஓட்டுகிறவருக்கு அதில் லாபமில்லை. கோவை அவிநாசி சாலை ஜி.டி. கார் மியூசியத்தில் உள்ளவை போல வண்டியை அழகாக வைக்க நினைப்பவர், பழைய எஞ்சினையே ரீபோர் செய்துகொள்வது மேல்.

எங்கள் வண்டிக்கு 2024-இல் 50 முடிந்தது. பேரன் ‘வி.ஏ.’ எண் கேட்டான். தகப்பனார் காலத்து எஞ்சினை 2001-லேயே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதை அவனிடம் சொன்னேன்.